உரித்துத் தெளிவான வீடு விற்பனைக்கு

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர். யாழ்ப்பாணத்தில் பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டை விற்கப்போவதாகவும், வர்ணம் பூசி முடித்துவிட்டதாகவும், பத்திரிகையில் போடுவதற்கு நல்லதொரு விளம்பரம் எழுதித்தர வேண்டும் என்றும் கேட்டார்.

"நீர் நாற்பது வருஷம் பேப்பரில இருந்த ஆள். நாலு வரியில ஆளை இழுக்கிற மாதிரி எழுதித்தாரும்."

"உறுதி ஆருடைய பேரில இருக்கு?"

"அம்மாவின்ர பேரில. அவ செத்துப் பதினேழு வருஷம்."

"மற்றப் பிள்ளையள்?"

"ரெண்டு பேர் வெளியில. அவையளுக்கு இன்னும் சொல்லேல்லை."

நான் விளம்பரம் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு சட்டத்தரணியைப் பார்த்து மரணசாதன வழக்குப் பற்றிக் கேட்கும்படி சொன்னேன். நண்பருக்கு அது பிடிக்கவில்லை. விளம்பரம் கேட்டவருக்கு வழக்கைப் பற்றிச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆயினும் 2015இல் உடுவிலில் இருந்த எங்கள் வீட்டை விற்றபோது நான் பட்ட அனுபவம் அப்படிச் சொல்லவைத்தது. அவருக்குத் தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதிவைக்கிறேன். வேறு யாருக்கேனும் பயன்படக்கூடும்.

பத்திரிகைக் காரியாலயத்தில் வேலை செய்தவர்களுக்குச் சிறு விளம்பரப் பக்கத்தின் மொழி நன்கு தெரியும். "உடன் விற்பனைக்கு" என்றால் விற்பவருக்குப் பணத் தேவை. விலையைக் குறைத்துக் கேட்கலாம். "வாகனம் செல்லக்கூடிய பாதை" என்றால் முச்சக்கரவண்டி போகும், லொறி போகாது. "சிறு திருத்த வேலைகளுடன் குடியிருக்கலாம்" என்றால் கூரையைப் பிரித்துத்தான் மேய வேண்டும். "தரகர்கள் தவிர்க்கவும்" என்று போட்டால் முதல் பத்து அழைப்பும் தரகர்களிடமிருந்தே வரும். "உரித்துத் தெளிவானது" என்ற சொற்றொடரை மட்டும் நான் நீண்டகாலம் நம்பியிருந்தேன். அதை என் கையாலேயே எழுத நேர்ந்தபோதுதான் அதற்குள் எத்தனை மேடுபள்ளங்கள் என்று அறிந்துகொண்டேன்.

அந்த வீடு எங்கள் அம்மாவுக்கு 1954இல் சீதனமாகக் கொடுக்கப்பட்டது. சுண்ணாம்புச் சாந்தினால் கட்டிய சுவர், பனஞ்சிலாகை, ஓட்டுக் கூரை, மண்டபத்தில் சிவப்புச் சீமெந்துத் தரை. முன்னால் விறாந்தை, பின்னால் தனியாக அடுக்களை, வடகிழக்கு மூலையில் கிணறு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது ஐயாவும் அம்மாவும் கதவைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குப் பின்னர் மற்றவர்கள் திரும்பியபோது அவர்கள் திரும்பவில்லை. ஐயாவின் உடல்நிலை காரணமாகக் கொழும்புக்கு வந்து என்னோடு தங்கினார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. ஐயா 1999இல் காலமானார். 2002இல் ஏ-9 வீதி திறந்தபின்பு அம்மா ஊருக்குப் போய்ச் சுன்னாகத்தில் ஒரு நொத்தாரிசிடம் வீட்டை எங்கள் மூவருக்கும் சமபங்காக நன்கொடை உறுதி எழுதினார். தம்முடைய சீவிய உரித்தை மட்டும் வைத்துக்கொண்டார். 2011இல் அவரும் போய்ச் சேர்ந்தார். அக்கா கனடாவில், தம்பி இலண்டனில், நான் வெள்ளவத்தையில். வீட்டில் யாரும் இருக்கப்போவதில்லை என்பது தெரிந்தும் நாலு வருடம் கடத்தினோம்.

விற்பது என்று முடிவானதும் நான் செய்த முதல் வேலை, என் நண்பர் செய்ததையே. வர்ணம் பூசினேன். அதுவும் 2014 ஐப்பசியில். மேசன் ஒருவர், முதிர்ந்தவர், சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது சுண்ணாம்புச் சுவர். சுண்ணாம்புதான் அடிக்க வேணும். பெயின்ற் அடிச்சால் சுவருக்கு மூச்சு முட்டும்" என்றார். கொழும்பிலிருந்து வந்தவனுக்கு உள்ளூர் மேசனின் பேச்சு ஏறவில்லை. நல்ல விலை கொடுத்து வாங்கிய இளமஞ்சள் நிற எமல்ஷனை வெளிச்சுவர், உட்சுவர் எங்கும் பூசுவித்தேன். கார்த்திகை மழை பெய்தது. நிலத்திலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரின் கீழ்ப்பகுதி முழுவதும் கொப்பளித்தது. மார்கழியில் போய்ப் பார்த்தபோது மண்டபத்துச் சுவரிலிருந்து வர்ணம் அப்பளம் போலக் கழன்று விழுந்துகொண்டிருந்தது. பூசியதற்கு ஒரு செலவு. சுரண்டியதற்கு இன்னொரு செலவு. தை பிறந்தபின் அதே மேசன் வந்து சுண்ணாம்பு அடித்தார். ஒரு சொல் சொல்லிக்காட்டவில்லை.

பழைய வீட்டை விற்பவர் அதைப் புதிய வீடுபோலக் காட்ட முற்படுவது வீண் வேலை. வாங்க வருபவர் சுவரைப் பார்க்கமாட்டார். அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். எனவே ஒழுக்கை முதலில் நிறுத்த வேண்டும். எங்கள் அடுக்களையின் மேல் ஷெல் சிதறல் பட்டு உடைந்த ஓடுகளுக்குப் பதிலாக யாரோ தகரம் செருகியிருந்தார்கள். பழைய ஓடுகளின் அளவும் கொளுவும் இன்று கடையில் வரும் ஓடுகளோடு பொருந்துவதில்லை. ஊரில் எங்கேனும் பழைய வீடு இடிக்கிறார்களா என்று விசாரித்து, அங்கிருந்து அதே அச்சு ஓடுகளை எடுப்பதே நல்லது. அப்படித்தான் செய்தேன். கறையான் ஏறிய இரண்டு சிலாகைகளையும் மாற்றினோம். செலவு அதிகமில்லை. கூரை பார்த்தவர் எவரும் அதன்பின் குறை சொல்லவில்லை.

கிணற்றையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் வீடு வாங்குபவர் பாதி விலையைக் கிணற்றுக்கே கொடுக்கிறார். அதிலும் 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் வெளிவந்த பின்னர், உடுவில் என்றவுடனேயே கேட்பவர்கள் முகம் சுருங்கியது. "எங்கட கிணத்தில ஒண்டுமில்லை" என்று விற்பவன் சொல்வதை யார் நம்புவார்? நீரை ஆய்வுக்குக் கொடுத்து அறிக்கையை எடுத்து வைத்தேன். பின்னர் வந்த எல்லோரும் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான். கிணற்றை இறைத்துச் சேறு அள்ளுவதாயின் நீர் வற்றியிருக்கும் ஆவணி, புரட்டாதியில் செய்ய வேண்டும். மழைக்குப் பின் செய்தால் கூலிதான் மிச்சம். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைத்தூரம் என்ன என்பதை நீங்களே நாடா பிடித்து அளந்து வையுங்கள். வருபவர் எப்படியும் அளப்பார்.

மாமரத்தின் கீழ் ஒரு பங்கர் இருந்தது. தொண்ணூறுகளில் ஐயா வெட்டுவித்தது. குப்பையால் தூர்ந்து, மேலே புல் முளைத்து, பார்ப்பவருக்குத் தெரியாமல் கிடந்தது. தரகர் ஒருவர், "அதை ஏன் சொல்லுவான்? வாங்கினவன் கண்டுபிடிக்கட்டும்" என்றார். நாளை அந்த இடத்தில் ஒருவர் அத்திவாரம் போட்டால் அவருடைய சுவர் வெடிக்கும். குப்பையை அள்ளிக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி, எந்த இடம் என்று வரைபடத்திலும் குறிக்கச் செய்தேன். தரகர் அதன்பின் வரவில்லை. நட்டமில்லை.

இனித்தான் உண்மையான விடயம். வீட்டைச் சுத்தம் செய்துவிட்டு நில அளவையாளரை அழைத்தேன். உறுதியில் நாலு பரப்பு என்று இருந்தது. பரப்புக் கணக்குத் தெரியாத கொழும்பு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், ஆகவே ஒரு பரப்பு உங்கள் கணக்கில் பத்துப் பேர்ச். (வயற்காணியில் கணக்கு வேறு. அங்கே பன்னிரண்டு குழிக்கு ஓர் இலாச்சம், இருபத்துநாலு இலாச்சத்துக்கு ஓர் ஏக்கர். பழைய உறுதி வாசிப்பவர்கள் இதிலே தடுமாறுவதுண்டு.) அளவையாளர் இரண்டு தடவை அளந்துவிட்டுச் சொன்னார்: "மூண்டு பரப்புப் பன்னிரண்டரைக் குழிதான் நிலத்தில இருக்கு. ஐஞ்சரைக் குழி கிழக்கு வேலிக்கு அங்கால போயிருக்கு."

எட்டு அடி. நூறடி நீளத்துக்குச் சற்று மேற்பட்ட வேலி, எட்டு அடி எங்கள் பக்கமாக வந்திருந்தது. 2002இல் நன்கொடை உறுதி எழுதிய நொத்தாரிசு, 1954ஆம் ஆண்டு உறுதியில் இருந்த எல்லைகளையும் விஸ்தீரணத்தையும் பார்த்து அப்படியே எழுதியிருந்தார். புதிதாக யாரும் அளக்கவில்லை. எங்கள் ஊரில் பெரும்பாலான உறுதிகள் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதப்படுகின்றன. காகிதத்தில் காணி குறைவதேயில்லை.

கிழக்கு வளவில் இருப்பவர் எங்களுக்கு இரத்த உறவில்லை. அம்மாவின் தோழி. சிறு வயதிலிருந்தே மாமி என்றுதான் அழைப்போம். அவருடைய காணிக்குக் கிணறு கிடையாது. எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளும் பங்கும் அதற்கு வந்துபோகும் வழியும் அவருடைய உறுதியிலேயே எழுதப்பட்டிருந்தன. பங்குக் கிணறு என்பது யாழ்ப்பாணத்தில் புதுமையன்று. சண்டைகளும் அதற்கேற்பக் குறைவன்று. ஆனால் அம்மாவும் மாமியும் ஒரு நாளும் சண்டை பிடித்ததாக நான் அறியேன்.

மாமியிடம் போனேன். வேலிக்கு அப்பால், அந்த எட்டடிக்குள், மாட்டுக்கொட்டிலாக இருந்த இடத்தில் ஓர் அறை எழும்பியிருந்தது. பேத்தி படிப்பதற்காக 2004இல் கட்டியது என்றார். நான் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தயங்கிக்கொண்டிருக்க, அவரே தொடங்கினார்.

"தம்பி, அளந்ததைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். வேலியை நாங்கள்தான் தள்ளிக் கட்டினனாங்கள். தொண்ணூற்றேழில. நீங்கள் ஒருத்தரும் இல்லை. உங்கட வளவுக்க ஆடு மாடெல்லாம் உள்ளிட்டது. கதியால் போட்டு அடைக்கேக்க மாமாதான் இப்பிடிப் போட்டவர். அம்மாவுக்குத் தெரியும். ரெண்டாயிரத்து ரெண்டில வந்தவ, பாத்தவ. 'அதுக்கென்ன, இருக்கட்டும்' எண்டு சொன்னவ."

அம்மா அப்படிச் சொன்னாரா என்று கேட்டறிய இன்று வழியில்லை. எனக்கு வேறொன்று தெரியும். 1996இல் மக்கள் திரும்பிய வாரங்களில், ஆளில்லாத வீடுகளின் நிலைகளும் யன்னல்களும் ஓடுகளும் இரவோடிரவாகக் கழற்றப்பட்டன. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகள் வெறும் சுவர்களாயின. எங்கள் வீட்டின் ஒரு யன்னல்கூடப் போகவில்லை. மாமியின் கணவர் இரண்டு மாதம் எங்கள் விறாந்தையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். முதிரை நிலைகள் இன்றும் அப்படியே நிற்கின்றன என்றால் அதற்குக் காரணம் அந்தப் பாய்தான்.

யாழ்ப்பாணத்துக்கு அப்போது வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், எங்கள் ஊரைச் சேர்ந்தவர், ஐரோப்பாவில் உழைத்தவர், தங்கையின் பெயரில் வாங்கவிருந்தார். மிக நல்ல விலை சொன்னார். இரண்டு நிபந்தனை விதித்தார். நாலு பரப்பும் முழுதாக வேண்டும். எட்டடியை மீட்டுத்தர வேண்டும். மற்றது, உறுதியில் விலையைப் பாதியாகக் குறைத்து எழுத வேண்டும். முத்திரை வரி வாங்குபவர் தலையில் விழுவதால் இப்படிக் கேட்பது சர்வசாதாரணம். நான் மறுத்தேன். குறைத்து எழுதிய உறுதி நாளை அவருக்கே குறுக்கே நிற்கும் என்றும் சொன்னேன். வங்கிக் கடனுக்குப் போனாலும், காணியை அரசாங்கம் சுவீகரித்தாலும், வழக்கு என்று வந்தாலும் பார்ப்பது எழுதிய விலையைத்தான். அவர் சிரித்தார். கையில் பணத்தோடு நிற்பவர்களின் சிரிப்பு.

தம்பி இலண்டனிலிருந்து தினமும் எடுத்தான். "எட்டடியை ஏன் விடுவான்? வழக்குப் போடு, அண்ணா. அது அம்மாவின்ர சீதனம்." அவன் சொன்னதில் நியாயமில்லாமலில்லை. மூன்று பேருக்கும் உரிய காணியை நான் ஒருவன் தாராளம் காட்டிக் கொடுத்துவிட முடியாது.

சட்டத்தரணியிடம் போனேன். 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி, ஒருவர் பத்து வருடம் தடையின்றி, உரிமையாளருக்கு எதிரிடையாக ஆட்சி செய்தால் அந்தக் காணி அவருக்கே உரித்தாகலாம் என்றார். வேலி பதினெட்டு வருடமாக நிற்கிறது. "கஷ்டம்" என்றார். பிறகு, மாமி சொன்னதை நான் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்மா 'இருக்கட்டும்' எண்டு சொன்னவ எண்டு அவவே சொல்லுறாவோ? அப்ப அது அனுமதியோட இருந்த ஆட்சி. எதிரிடையான ஆட்சியில்லை. கோட்டில அதையே அவ சொன்னால் உங்களுக்குத்தான் சாதகம்."

அன்று கந்தோர் படியிறங்கும்போது எனக்கு ஏற்பட்ட உணர்வை இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கிழவி பொய் சொல்லியிருந்தால், "எங்கட வேலி எப்பவும் அங்கதான் நிண்டது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சட்டம் அவர் பக்கம் சாய்ந்திருக்கும். உண்மையைச் சொன்னபடியால் அவரைத் தோற்கடிக்க எனக்கு வழி கிடைத்திருந்தது. சட்டத்தரணி சொன்னதைத் தம்பிக்கு நான் அன்று சொல்லவில்லை. "வழக்கு வெல்லாது, வருஷக்கணக்கில் இழுக்கும்" என்று மட்டும் சொன்னேன். இழுக்கும் என்பது உண்மை. வெல்லாது என்பது உண்மையன்று. இதை வாசித்தால் இன்று அறிந்துகொள்வான்.

ஆனால் எட்டடியை வெறுமனே விடவுமில்லை. வாங்க வந்த பலரும் தயங்கியது உண்மையில் அந்த ஐந்தரைக் குழிக்காக அல்ல, கிணற்றுப் பங்குக்காக. தம் வளவுக்குள் இன்னொருவர் வந்து தண்ணீர் அள்ளும் உரித்துள்ள வீட்டை இக்காலத்தில் யாரும் விரும்புவதில்லை; வங்கியும் முகம் சுளிக்கும். மாமியின் மகன் அதற்கு முந்திய வருடமே தங்கள் வளவில் குழாய்க்கிணறு அடித்திருந்தார். எங்கள் கிணற்றுக்கு வருவது மாமி ஒருவர்தான்; அதுவும் பழக்கத்தால். ஆகவே இப்படிக் கேட்டேன்: அறை நிற்கும் எட்டடியை நாங்கள் அவர்கள் பெயருக்கு எழுதுகிறோம், கிணற்றுப் பங்கையும் வழியுரித்தையும் அவர்கள் எங்களுக்கு விட்டுத்தர வேண்டும். மகன் உடனே சம்மதித்தார். மாமி ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரத்தின்பின், "அப்ப இனி நான் அந்தப் பக்கம் வரேலாது, என்ன?" என்று கேட்டார்.

பரிவர்த்தனை உறுதியாக அதை எழுதினோம். புதிய வரைபடத்தில் மாமியும் மகனும் எல்லையை ஏற்றுக் கையொப்பமிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் ஐந்தரைக் குழியை இழந்து, கிணற்றை முழுதாகப் பெற்றோம். விற்பனைக்கு அதுவே உதவியது. கணக்கு அப்படித்தான் சொல்கிறது. மாமி கேட்டது கணக்கில் வராது.

பங்குகாரர் வெளிநாட்டில் இருந்தால் என்னென்ன வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அற்றோணித் தத்துவம் வேண்டும். அதிலே "பராமரிக்க" என்று இருந்தால் போதாது. இன்ன காணியை விற்க, உறுதியில் கையொப்பமிட, பணம் பெற என்று வரிவரியாக இருக்க வேண்டும். தம்பி அனுப்பிய முதல் பத்திரத்தில் விற்கும் அதிகாரம் இல்லை; பெயரின் எழுத்தும் உறுதியிலிருந்த பெயரோடு ஒத்துவரவில்லை. திருப்பி அனுப்பி, அங்குள்ள நமது தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி வருவதற்கு இரண்டு மாதம் சென்றது. அக்காவின் விடயத்தில் இன்னொரு சங்கடம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்தக் காணியையே விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரித்துரிமைச் சட்டம். நாற்பது வருடம் ஆசிரியையாக உழைத்த அக்கா, அத்தானிடம் போய் ஒப்பம் கேட்க வேண்டியிருந்தது. "என்ர அம்மா எனக்குத் தந்த காணி. இந்த மனிசன் அந்தக் கிணத்தில ஒரு வாளி தண்ணி அள்ளினதில்லை" என்று தொலைபேசியில் பொரிந்தார். அத்தான் பாவம், கேட்டவுடன் ஒப்பமிட்டுத் தந்தார். பங்காளிகளில் ஒருவர் மட்டும் தன் பங்கை வெளியாருக்கு விற்க முனைந்தால், வாங்கும் முன்னுரிமை மற்றப் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் உண்டு என்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. நாங்கள் மூவரும் சேர்ந்தே விற்றபடியால் அது எழவில்லை. உங்களுக்கு எழக்கூடும்; முதலிலேயே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

உறுதி தொலைந்துவிட்டது என்று அழுகிறவர்கள் பலர். இடப்பெயர்வில் எத்தனையோ பெட்டிகள் போயின. நொத்தாரிசு முடிக்கும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். அதற்கு உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் உதவும். ஆகவே இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முற்பணம் வாங்குவதானால் வெறுந்தாளில் முத்திரை ஒட்டி எழுதும் ஒப்பந்தத்தில் நம்பிக்கை வைக்க வேண்டாம். 1840ஆம் ஆண்டிலிருந்தே காணி விற்பனைக்கும், விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும். அத்தோடு நாங்கள் விற்றபோது இல்லாத மூலதன ஆதாய வரி, 2018 ஏப்ரல் 1 முதல் மீண்டும் வந்திருக்கிறது. சொந்தமாகக் குடியிருந்த வீட்டுக்கு நிபந்தனைகளோடு விலக்குண்டு. பூட்டிக்கிடந்த வீட்டுக்கு அது பொருந்துமா என்பதை விலை பேசுவதற்கு முன்னரே கணக்காளர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

எல்லாம் ஒழுங்கானபின் விளம்பரம் எழுத உட்கார்ந்தேன். ஆயிரக்கணக்கான தலைப்பு எழுதிய கைக்கு அந்த நாலு வரி வசப்படவில்லை. கடைசியில் இப்படிப் போட்டேன்: உடுவிலில் 3 பரப்பு 12½ குழி, அறுபது வருடப் பழைய வீடு, முழுக் கிணறு, நீர் ஆய்வு அறிக்கை உண்டு, உரித்துத் தெளிவானது. "பழைய" என்று யாராவது போடுவார்களா என்று விளம்பரப் பகுதியில் இருந்த பெண் கேட்டார். இருபத்தாறு பேர் அழைத்தார்கள். ஏழு பேர் வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் எவரும் ஏமாந்து திரும்பவில்லை. பழைய வீடு வேண்டாதவர்கள் வரவேயில்லை.

வாங்கியவர்கள் ஓர் ஆசிரியத் தம்பதியர். ஐரோப்பாக்காரர் சொன்ன விலையைவிடக் குறைவுதான். எவ்வளவு என்று எழுதமாட்டேன். உறவினர்கள் ஏற்கெனவே ஆளுக்கொரு தொகை சொல்லித் திரிகிறார்கள். வங்கிக் கடனோடு வாங்கினார்கள். வங்கி கேட்ட முப்பது வருடத்து உரித்து விபரம், வீதிக் கோட்டுச் சான்றிதழ், ஆதனவரிப் பற்றுச்சீட்டு, அம்மாவின் மரண அத்தாட்சிப் பத்திரம் எல்லாம் ஒரு கோவையில் முன்னரே இருந்தபடியால் ஆறு வாரத்தில் கடன் கிடைத்தது. 2015 ஓகஸ்டில் உறுதி முடித்தோம்.

அதற்கு அடுத்த வருடம் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடாமல் விடுவதற்கான விசேட ஏற்பாடு. பத்திரிகையில் படித்த உறவினர் ஒருவர் எனக்கு அழைத்து, "அவசரப்பட்டிட்டாய். பொறுத்திருந்தால் எட்டடியும் வந்திருக்கும்" என்றார். பல குடும்பங்களுக்கு மிகவும் தேவையான சட்டம் அது. எங்கள் வேலிக்கு அது பிந்தியே வந்தது. அதற்காக நான் வருந்தவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

உறுதி முடித்த அன்று பழைய உறுதிகள் எல்லாவற்றையும் வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும். நொத்தாரிசின் கந்தோரில் அந்த ஆசிரியை 1954ஆம் ஆண்டுச் சீதன உறுதியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு, கிணறு, தான்பயிர், செய்பயிர் என்று வரும் இடத்துக்கு மேலே வேறொரு பட்டியல் இருந்தது. ஒரு சோடி காப்பு, இரட்டைப்பட்டுச் சங்கிலி, கல்வைத்த தோடு, இவற்றின் பெறுமதி ரூபாவில்.

"சேர், இதுகளும் இந்த உறுதியில கிடக்கே?" என்றார் அவர், சற்றுக் குழப்பத்தோடு.

"அது காணியோட வராது, பிள்ளை" என்றேன். காப்பைத் தொண்ணூற்றாறில் கொடிகாமத்தில் விற்றுத்தான் இரண்டு பேரும் கொழும்புக்கு வந்தார்கள். தோடு அக்காவிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு நிழற்பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கீழே கடையில் எடுத்து வரும்படி கணவரை அனுப்பினார். அவர் திரும்பி வரும்வரை நாங்கள் இருவரும் கிணற்று மோட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.